தீவிலிருந்து எடுத்த படம்

யாழ்ப்பாணம்
08.01.2023

அன்புள்ள தம்பி அகஸ்ரின்,

புது வருடம் உனக்குச் சுகத்தோடு தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம். எனக்கு பிரஷர் குளிசை ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள். வேறு குறை இல்லை. குளிர் நாட்களில் ட்ரக் ஓடுகிறாய் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கவனம்.

ஒரு உதவி. இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நகரங்களின் வளர்ச்சி பற்றிப் படிப்பிக்கிறேன். புத்தகத்தில் இருப்பது மங்கிப்போன படங்கள். நீ கனடா முழுக்க ஓடித் திரிகிறவன். ரொறன்ரோ நகரத்தைத் தூரத்தில் நின்று, கட்டடங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புவாயா? போனில் அனுப்பினால் நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்க்க முடியாது. பெரிதாகக் கழுவித் தபாலில் போடு. எங்கே நின்று எடுத்தாய், அங்கே என்ன கண்டாய் என்று நாலு வரியும் எழுது. வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். போனில்தான் நீ மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லையே. இப்படியாவது உன் எழுத்தைப் பார்க்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா
அன்ரனெற்


மோர்னிங்சைட், ஸ்காபரோ
12.02.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள். குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

படம் இத்துடன் இருக்கிறது. போன சனிக்கிழமை காலை படகில் ஏறி, நகரத்துக்கு முன்னால் இருக்கிற தீவுக்குப் போனேன். படகில் என்னோடு நாலு பேர்தான். கரையில் நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் முழு நகரமும் ஒரே வரிசையில் தெரிகிறது. கையுறையைக் கழற்றி இரண்டு நிமிடம் ஆகவில்லை, விரல் மரத்துவிட்டது. நெட்டையாக நிற்பது சி.என். கோபுரம். அதற்கு வலப்பக்கம், மேலே ஒடுங்கிப் போகிற கண்ணாடிக் கட்டடம் புதியது. இப்போதுதான் கட்டி முடித்தார்கள். ஏரி ஓரம் உறைந்திருப்பதும் படத்தில் தெரியும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தால் சந்தோசம்.

அன்புத் தம்பி
அகஸ்ரின்


யாழ்ப்பாணம்
12.03.2023

அன்புள்ள தம்பி,

சுகமாக இருக்கிறாயா? நாங்கள் நலம்.

படத்தை உறையிலிருந்து எடுத்ததும் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது உவன் எடுத்ததோ?" என்று இரண்டு தரம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு கண் யாருக்கும் இருந்ததில்லை. வானத்தின் அந்த நீலத்துக்காக எத்தனை நேரம் குளிரில் நின்றிருப்பாய்! நீ சின்னனில் ஒன்றிலும் பொறுமையாக இருக்கமாட்டாய் என்று நான்தான் உன்னை எந்த நேரமும் ஏசிக்கொண்டிருந்தேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வகுப்புச் சுவரில் மாட்டி, கீழே "படம்: அ. அகஸ்ரின், ரொறன்ரோ" என்று எழுதிவிட்டேன். உன் கடிதத்தையும் வாசித்தேன். துவாரகா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். பேச்சுக் குறைவு. மணி அடித்த பிறகும் போகாமல் நின்று, அடிமட்டத்தைப் படத்தின் மேல் வைத்துக் கட்டடங்களின் உயரத்தை அளக்கிறாள். இருபது வருடத்தில் இந்தப் பாடத்தில் இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை.

மற்ற நகரங்களுக்கும் நீ போவாய்தானே. அங்கேயும் எடு.

ஆசியுடன்
அக்கா


மோர்னிங்சைட்
23.04.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீங்கள் ஏசியதெல்லாம் எனக்கு நினைவில்லை. சுகமாக இருங்கள், அது போதும்.

மூன்று படங்கள் அனுப்புகிறேன். கல்கரியில் ஆற்றுக்கு வடக்கே ஒரு மேடு இருக்கிறது. விடியும்போது அங்கே நின்று எடுத்தேன். மொன்றியல் படம் மலையின் மேலிருந்து. வன்கூவரில் கட்டடங்களுக்குப் பின்னால் பனிமலை நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ட்ரக்கை நிறுத்திவிட்டு ஏறினேன். ஒரு மணித்தியாலம் மேகம் விலகவில்லை. பிறகு ஒரு நிமிடம் விலகியது. அந்த ஒரு நிமிடம்தான் இது.

துவாரகா அளந்த உயரம் சரியாக வந்ததா?

அன்புடன்
அகஸ்ரின்


யாழ்ப்பாணம்
05.06.2023

அன்புள்ள தம்பி,

நலமா? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. அத்தானுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. ஓகஸ்டில் பள்ளிக்கூடக் கண்காட்சி. அதிபர் சிஸ்ரர் உன் படங்களைப் பார்த்துவிட்டு, "மண்டபத்தின்ர நடுச்சுவரை இதுக்கு விடுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டார். உன் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கப்போகிறோம்.

துவாரகா ஒன்று கேட்கிறாள். தீவில் நீ நின்ற அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து, கோடையில் ஒரு படம் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமாம். "உங்கட தம்பியிட்டக் கேளுங்கோ ரீச்சர், கரைச்சல் எண்டால் வேண்டாம்" என்றாள். கண்காட்சியில் விளக்கம் சொல்லப்போகிறவளும் அவள்தான்.

முடியுமா?

அக்கா


மோர்னிங்சைட்
09.07.2023

அன்புள்ள அக்கா,

சுகம். அத்தானின் கால் ஆறியது கேட்டுச் சந்தோசம். அவசரமாக எழுதுகிறேன், நாளைக்கு ஓட்டம் இருக்கிறது.

துவாரகா கேட்ட படம் இது. அதே தீவு, அதே இடம். போன மாதக் கடைசியில் எடுத்தேன். மரங்கள் பச்சை, ஏரியில் பாய்மரப் படகுகள். கண்காட்சி சிறப்பாக நடக்கட்டும்.

அகஸ்ரின்


யாழ்ப்பாணம்
24.09.2023

அன்புள்ள தம்பி,

சுகமா? நாங்கள் இருக்கிறோம். பதில் எழுதப் பிந்திவிட்டது.

கண்காட்சி நடந்து முடிந்தது. நிறையப் பேர் வந்தார்கள். பிஷப் இல்லத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கோடைப் படத்தை எடுத்த திகதி சரியாகத் தெரியுமா? பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


மோர்னிங்சைட்
22.10.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. பிரஷர் கூடவில்லையே? ஒளிக்காமல் எழுதுங்கள்.

திகதி நன்றாக நினைவிருக்கிறது. ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே துறைமுகத்துக்குப் போனேன். படகுக்கு அரை மணித்தியாலம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டை ஐஸ்கிறீமைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். தகப்பன் திரும்ப வாங்கிக் கொடுக்க, அதையும் போட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. பதிவேட்டில் தைரியமாக எழுதுங்கள்.

அடுத்த வருடம் ஒட்டாவாவும் குபெக்கும் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்
அகஸ்ரின்


யாழ்ப்பாணம்
03.12.2023

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபிக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மண்டபத்தில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தோம். துவாரகா தீவுப் படங்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ரீச்சர், மாசிப் படத்தில இந்தக் கண்ணாடிக் கட்டடம் முடிஞ்சிட்டுது. ஆனிப் படத்தில அரைவாசிதான் எழும்பி நிக்குது. மேல கிறேனும் நிக்குது. அப்ப ஆனிப் படம்தான் பழசு. ரெண்டு மூண்டு வருசம் பழசா இருக்கும். திகதி பிழையா எழுதுப்பட்டிட்டுது போல."

அமைதியாகத்தான் சொன்னாள். ஏணியில் நின்ற இன்னொரு பிள்ளை, "அப்ப இன்ரநெற்றில எடுத்ததோ?" என்று கேட்டுச் சிரித்தது. மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

நான் துவாரகாவைப் பார்த்துக் கத்தினேன். "உமக்குக் கனடா தெரியுமோ? குளிருக்குள்ள நிண்டு ஒரு மனுசன் எடுத்து அனுப்பியிருக்கிறான். என்ர தம்பியைக் கள்ளன் எண்டு சொல்லுறீரோ?"

"நான் கள்ளன் எண்டு சொல்லேல்லை ரீச்சர்" என்றாள்.

உண்மைதான், தம்பி. அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

விளக்கம் சொல்லும் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறு பிள்ளைக்குக் கொடுத்தேன். கண்காட்சி நடந்த இரண்டு நாளும் அவள் வாசலில் நின்று, வந்தவர்களின் செருப்பை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

உன் ஒக்ரோபர் கடிதம் வந்ததும் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். பூசை, வரிசை, ஐஸ்கிறீம் எல்லாம். வாசித்து முடித்துவிட்டு, "இப்ப என்ன சொல்லுறீர் துவாரகா?" என்று கேட்டேன். எழுந்து நின்று, "சரி ரீச்சர்" என்றாள். அடுத்த கிழமை புவியியலை விட்டுவிட்டு இந்து நாகரிகப் பாடத்துக்கு மாறிவிட்டாள். தாய் வந்து, "ஏனெண்டு வீட்டில ஒண்டும் சொல்லுறாளில்லை ரீச்சர், உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

அந்த இரண்டு படங்களின் பிரதி உன்னிடம் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார். பார்த்துவிட்டு எழுது. எழுதாமல் மட்டும் விடாதே.

அன்ரனெற்


மோர்னிங்சைட்
18.02.2024

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் குளிசையைப் போடுங்கள்.

உங்கள் கடிதம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. பஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். செருப்பு அடுக்கிய வரிக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மிச்சத்தை வாசிக்க நாலு நாள் எடுத்தது. பதில் எழுத இரண்டு மாதம். ஏழு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அந்தப் பிள்ளை சொன்னது சரி. படங்களை நான் எடுக்கவில்லை. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

போன வருடம் மாசியில் தீவுக்குப் போனது மட்டும் உண்மை. போனில் ஆறு படம் எடுத்தேன். எல்லாம் கலங்கல், ஒன்றில் என் விரல். உங்கள் வகுப்புக்கு இதை அனுப்புவதா என்று வெட்கம். வீட்டுக்கு வந்து தேடினேன். நகரங்களைத் தூரத்தில் நின்று படம் எடுத்துப் போட்டு, எந்தக் கட்டடம் எவ்வளவு எழும்பியது என்று அதைப் பற்றியே பேசுகிற ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். கட்டடம் முடிந்த விபரமும் அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்ததுதான். அஜின்கோர்ட்டில் துஷாந்த் என்று ஒரு தம்பி படம் கழுவும் கடை வைத்திருக்கிறார். பெரிதாக்கித் தந்துவிட்டு, "அண்ணை, இது நீங்களோ எடுத்தது?" என்று கேட்டார். அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். சொன்னதும் ஒரு சந்தோசம் வந்தது, அக்கா. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு கண் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருடம். நீ செய்தது நல்லாயிருக்கு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

வேலையும் ட்ரக் இல்லை. இடுப்பு முறிந்து இரண்டரை வருடமாகிறது. உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது ஒரு சலவைத் தொழிற்சாலையில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் மடிக்கிறேன். ட்ரக் ஓடிய காலத்திலும் நான் எந்த நகரத்தையும் பார்க்கவில்லை. கல்கரிக்கு இருபது தரம் போயிருப்பேன். எனக்குத் தெரிந்தது நெடுஞ்சாலையும் சாமான் இறக்கும் கதவு இலக்கமும்தான். மேட்டில் ஏறியது, மேகம் விலகியது எல்லாம் கட்டுக்கதை. ஐஸ்கிறீம் போட்ட பெட்டையும் கதை. அதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அதை வைத்து ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவீர்கள் என்று நான் அறியவில்லை.

கோடைப் படத்தை அந்த இணையப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது திகதியைப் பார்க்கவேயில்லை. பச்சை மரம் தெரிந்தது, எடுத்தேன். கட்டடத்தை அந்தப் பிள்ளை பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

தீவுப் படங்கள் இரண்டும் அலெக்ஸாண்டர் என்ற ஒருவருடையவை. சந்திக்க முடியுமா என்று எழுதிக் கேட்டேன். மார்க்கம் என்ற ஊரில் ஒரு கோப்பிக் கடைக்கு வரச் சொன்னார். எழுபது வயதிருக்கும். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பெயரை வெட்டிவிட்டு உன் பெயரைப் போட்டிருக்கிறாய்" என்றார்.

"ஓம்."

"நான் பத்தொன்பது வருடமாக அதே இடத்தில், வருடத்துக்கு இரண்டு தரம் நிற்கிறேன். கால் வைக்கும் கல்லுக்கூட மாறவில்லை. பார்க்கிறவர்கள் அழகு என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்." பிறகு, "எப்படிப் பிடிபட்டாய்?" என்று கேட்டார்.

துவாரகாவைப் பற்றிச் சொன்னேன். அதுவரை என் முகத்தைப் பார்க்காதவர் நிமிர்ந்து பார்த்தார். வயது என்ன என்று கேட்டார். பதினேழு என்றேன். அவள் பெயரை எழுதித் தரச் சொன்னார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "மற்ற மூன்று படமும் என்னுடையது அல்ல. எடுத்தவர்களுக்கும் எழுது" என்றார். எழுதினேன். ஒருவர் பதில் போட்டு ஏசினார். மற்ற இருவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இத்துடன் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு. காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசியுங்கள். நான் செய்ததெல்லாம் அதில் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் என்னை நம்பி ஏமாந்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு சொட்டும் பழி வரக்கூடாது.

அலெக்ஸாண்டர் பிறகு ஒரு நாள் வரச் சொல்லி, துவாரகாவுக்கு என்று ஒரு பொதி தந்தார். தனியாக அனுப்புகிறேன்.

அகஸ்ரின்


யாழ்ப்பாணம்
05.05.2024

அன்புள்ள தம்பி,

உன் இடுப்பு இப்போது எப்படி? கடிதத்தில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது, ஒழுங்கு தப்பாமல் கேட்டுவிட்டேன். இரண்டரை வருடம் அதை ஒளித்து வைத்திருந்தாய். எழுது.

உன் கடிதத்தோடு அதிபர் சிஸ்ரரிடம் போனேன். "கூட்டத்தில வாசிக்கத்தான் வேணுமோ ரீச்சர்? அந்தப் பிள்ளையைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னால் காணாதோ?" என்று கேட்டார். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏசவில்லையே.

திங்கட்கிழமை காலை. செபம் முடிந்து, தேவாரம் முடிந்து, அறிவித்தல் நேரம். அறுநூறு பிள்ளைகளும் ஆசிரியர்களும் நின்றார்கள். உன் கடிதத்தை வாசித்தேன். படங்கள் திருடியவை என்பதை வாசித்தேன். கல்கரி, ஐஸ்கிறீம் எல்லாவற்றையும் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. உன் வெட்கத்தைத்தானே வாசிக்கிறேன், நடுங்க என்ன இருக்கிறது? அப்போது அந்த வரி வந்தது. "என் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது."

என்னால் அதை வாசிக்க முடியவில்லை, தம்பி. கடிதத்தை மடித்தேன்.

மண்டபத்தில் துவாரகா அந்தக் கட்டடத்தைக் காட்டியபோது நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபது வருடம் இதையே படிப்பிக்கிறவளுக்குத் தெரியாதா? கட்டடம் மட்டுமா, கல்கரிப் படத்திலும் உன் கடிதத்திலும் பொருந்தாமல் இருந்த மற்றவையும் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. பெரிய எழுத்தில் உன் பெயர் சுவரில் ஒட்டியிருந்தது. அடுத்த நாள் ஊரே வரப்போகிறது. தெரிந்துதான் கத்தினேன். தெரியாமல் இருந்திருந்தால் அவளிடம் இன்னும் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பேன். பிறகு உனக்குத் திகதி கேட்டு எழுதினேனே, உண்மையைச் சொல்லிவிடு என்றா எழுதினேன்? இன்னொரு பொய் அனுப்பு என்றுதான் எழுதினேன். நீ அனுப்பினாய். அதை அவள் முகத்துக்கு முன்னால் வாசித்தேன்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "இதில ஒரு வரி பொய். எனக்குத் தெரியாதெண்டு என்ர தம்பி எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியும். துவாரகா சொன்னது சரியெண்டு அந்த நிமிசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவவைத் தண்டிச்சனான். துவாரகா, என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

எங்கேயோ பின்னால் ஒரு சின்னப் பிள்ளை இருமியது. துவாரகா அவள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிமிரவில்லை. மணி அடித்தது, எல்லாரும் வகுப்புக்குப் போனார்கள்.

அதிபர் கண்காட்சிப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நியாயம்தான். ஆசிரியர் அறையில் நான் போனால் பேச்சு நிற்கிறது. அத்தான், "இதை நீ சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார். அன்று பின்னேரம் அவரே தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பொதி மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. துவாரகாவை இடைவேளையில் கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றபடியே பிரித்தாள். தீவிலிருந்து எடுத்த படங்கள், முப்பத்தெட்டு. வழியில் யாரோ திறந்து பார்த்துவிட்டுக் கலைத்து வைத்திருந்தார்கள். திகதிகள் எல்லாம் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தன. அவள் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. என் மேசையில் இருந்த கொப்பிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் பரப்பினாள். ஒன்றை எடுத்து முன்னுக்கு வைப்பாள், கொஞ்சம் யோசிப்பாள், இன்னொன்றை இடையில் செருகுவாள். இடைவேளை முடிய முன்பே முடித்துவிட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முதலாவதிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்றும் பிசகவில்லை.

"சரியாத்தான் வந்திருக்கு" என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

அப்போது கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டேன். "பிள்ளை, திரும்ப வாறீரோ? நான் அதிபரிட்டக் கதைக்கிறன்."

"நான் அண்டைக்கே சரியாத்தான் சொன்னனான் எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றாள். "நீங்கள் திரும்பிப் படத்தைப் பாத்தனீங்கள். பாத்திட்டுத்தான் ஏசினனீங்கள். அதையும் நான் கண்டனான்."

அவள் ஒதுக்கி வைத்த கொப்பிகளை எடுத்து நேராக்கினேன்.

படங்களை அதே ஒழுங்கில் அடுக்கி, உறைக்குள் வைத்து, என் பக்கமாகத் தள்ளினாள். "இது வகுப்பில இருக்கட்டும் ரீச்சர். நான் இப்ப புவியியல் படிக்கிறேல்லை. அந்த ஐயாவுக்கு நன்றி எண்டு எழுதுங்கோ. அவற்ர பேரைப் போட்டு மாட்டுங்கோ."

போய்விட்டாள்.

நேற்று முழுக்க அவற்றை வகுப்பின் பின்சுவரில் மாட்டினேன். அவர் பெயரை எழுதினேன். அடுக்கியவர் என்று துவாரகாவின் பெயரையும் எழுதலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். காலையில் விறாந்தையில் என்னைக் கடந்து போகும்போது எல்லாப் பிள்ளைகளையும் போல "குட்மோர்னிங் ரீச்சர்" என்கிறாள். எனக்கு அது போதும் என்று உனக்கு எழுத மனம் வருகிறது. போதாது, தம்பி.

அலெக்ஸாண்டரிடம் அவளுடைய நன்றியைச் சொல். மிச்சத்தையும் சொல்.

உன் அக்கா
அன்ரனெற்